சூரன் மாமரமாகும் கணம்: கணினியில் புகை உருமாற்றம், தொடக்கநிலை விளக்கம்

கந்த புராணத்தில் ஒரு கட்டம் வரும். போரில் ஒடுங்கிப்போன சூரபத்மன் கடல் நடுவே மாமரமாக மாறி நிற்பான். முருகனின் வேல் அந்த மரத்தைப் பிளக்கும். ஒரு பாதி மயிலாகும், மறு பாதி சேவலாகும். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் காவடியும் கந்த சஷ்டியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அனிமேஷன் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் என்ன செய்ய ஆசை என்று கேட்டால், "சூரன் புகையாகக் கரைந்து மரமா வரணும் அண்ணா" என்கிறார்கள். நல்ல ஆசை. கொஞ்சம் கடினமானதும்கூட. ஓர் உருவம் கரைவது, புகை நகர்வது, இன்னோர் உருவம் திரள்வது என்று மூன்று வேலைகள் அதில் இருக்கின்றன.

அந்த மூன்றையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் எப்படி யோசித்துச் செய்வது என்று இங்கே சொல்கிறேன். ஒரு பொருளை நகர்த்தவும், கீஃப்ரேம் வைக்கவும், கேமரா வழியாகப் பார்க்கவும் தெரிந்திருந்தால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் முதலில் செய்வது இதுதான்: சூரனுக்கு முன்னால் புகையைக் கிளப்புவார்கள், புகை அடர்ந்ததும் சூரனை மறைப்பார்கள், அதே இடத்தில் மரத்தை வைப்பார்கள், புகை விலகும். மேடையில் திரை பிடிக்கிற முறை இது. மேடையில் செல்லும், படத்தில் பார்க்கும்போது செல்லாது. பார்ப்பவர்கள் உடலைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரே ஃப்ரேமில் காணாமல் போவதை அவர்கள் கண் பிடித்துவிடும். புகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உடலுக்கு முன்னால் வந்த ஏதோ ஒரு புகையாகவே இருக்கும்.

உடலே புகையாக மாறுகிறது என்று நம்ப வைக்க ஒரு விதி போதும். உடலின் எந்தப் புள்ளி அழிகிறதோ அந்தப் புள்ளியில், அழிகிற அதே நேரத்தில், புகை பிறக்க வேண்டும். விரல் நுனி அழியும்போது விரல் நுனியில் புகை, தோள் அழியும்போது தோளில் புகை. அழிவையும் புகையையும் தனித்தனியாகக் கீஃப்ரேம் வைத்து ஒத்துப்போகச் செய்ய முயலாதீர்கள். இரண்டையும் ஒரே வரைபடத்திலிருந்து ஓட்ட வேண்டும். இது புரிந்தால் மீதி எல்லாம் அளவைக் கூட்டிக் குறைப்பதுதான்.

முதலில் நிஜப் புகை

மென்பொருளைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் புகையைப் பாருங்கள். குவாசுலு-நட்டால் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. டொங்காட், வெருலம், ஸ்டேங்கர் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில் வயலுக்குத் தீ வைப்பார்கள். காய்ந்த தோகை எரிந்துபோனால் கையால் வெட்டுவது எளிது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நட்டால் துறைமுகத்தில் ஆட்களை இறக்கியதே இந்தக் கரும்புக்காகத்தான். நம் முன்னோர் இந்தப் புகையில் நின்று வேலை செய்தவர்கள். இன்றும் அந்தப் பக்கத்து வீடுகளில் கொடியில் காயும் துணிமேல் கருஞ்சாம்பல் வந்து விழுகிறது.

அந்தப் புகையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

தீக்கு மேலே கிளம்பும் புகை வேகமாக, உருண்டு உருண்டு ஏறும். சூடான காற்று சுற்றியுள்ள காற்றைவிட லேசானது என்பதால் மேலே போகிறது. போகிற வழியில் பக்கத்துக் காற்றோடு உரசிச் சுருள்கிறது. அந்தச் சுருள்தான் 'இது புகை' என்று கண்ணுக்குச் சொல்கிறது.

கொஞ்ச உயரம் போனதும் அந்த வேகம் நின்றுவிடும். சூடு ஆறிவிட்டது, ஏறுவதற்குக் காரணம் இல்லை. குளிர்கால விடியலில் பார்த்தால், ஏறிய புகை ஓர் உயரத்தில் தட்டையாகப் பரவி அப்படியே நிற்கும். மேலே இருக்கும் காற்று கீழே இருப்பதைவிடச் சூடாக இருப்பதால் அதற்குமேல் ஏற முடிவதில்லை. ஆகப் புகையின் அசைவுக்கு முதல் காரணம் வெப்ப வித்தியாசம். இதை நினைவில் வையுங்கள். பின்னால் 'ஹீட்' என்ற ஓர் எண்ணாக இதுவே வரும்.

மூன்றாவது, ஒளி. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் புகை மங்கலாகவும் தட்டையாகவும் தெரியும். சூரியன் புகைக்குப் பின்னால் இருந்தால் ஓரங்கள் ஒளிரும், நடுப்பகுதி கருக்கும். புகைத்துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கிச் சிதறடிப்பதால் இப்படி. ஒரு விளக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இதுவே பதில்.

வயல் பக்கத்தில் இல்லாதவர்கள் வீட்டில் ஓர் ஊதுவத்தி ஏற்றிப் பார்க்கலாம். நுனியிலிருந்து புகை முதலில் நேர்கோடாக ஏறும், ஓர் உயரத்தில் திடீரென்று உடைந்து சுழலும். சாம்பிராணிப் புகையோ தொடக்கத்திலிருந்தே மெதுவாக, அடர்த்தியாக விரியும். சூரனுக்கு எந்தப் புகை பொருந்தும் என்பது உங்கள் முடிவு. எனக்குச் சாம்பிராணிதான். அவன் பெரிய உருவம். மெல்லிய கோடாகக் கிளம்பும் புகை அவனுக்குப் போதாது.

கணினிக்குப் புகை என்றால் என்ன

கணினி புகையைத் துகள் துகளாகக் கணக்கிடுவதில்லை. காட்சியில் ஒரு பெட்டியை வைக்கிறோம். அதற்குப் பெயர் டொமைன். அந்தப் பெட்டியைச் சின்னச் சின்னக் கனசதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறது மென்பொருள். ஒவ்வொரு கட்டத்திலும் சில எண்கள் மட்டும் இருக்கும்: அங்கே எவ்வளவு புகை, எவ்வளவு சூடு, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்த எண்களைப் பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டுப் புதிதாகக் கணக்கிடுகிறது. ஒரு கட்டத்துக்குள் எவ்வளவு காற்று நுழைகிறதோ அவ்வளவு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. புகை சுருள்வதற்கு இந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம்: முன்னால் இருக்கும் காற்று ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தே தீர வேண்டும்.

இந்தக் கணக்கின் அடிப்படைச் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் அனிமேஷனுக்கு உதவும் அளவுக்கு அதை வேகமாகவும், எண்கள் தாறுமாறாகச் சிதறாமலும் செய்யும் வழியை 1999இல் ஜோஸ் ஸ்டாம் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். அவருடைய முறையில் நுண்ணிய சுருள்கள் சீக்கிரம் மழுங்கிவிடும். 2001இல் ரொனால்ட் ஃபெட்கிவ், ஸ்டாம், ஹென்ரிக் யென்சன் மூவரும் சேர்ந்து, மழுங்கிய சுழலைத் திரும்பக் கூட்டும் உத்தி ஒன்றைப் புகைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று பிளெண்டரில் 'வோர்ட்டிசிட்டி' என்று ஒரு பெட்டியில் நாம் எண் தட்டுவது அந்த உத்திக்குத்தான்.

கட்டங்களின் எண்ணிக்கைதான் தொடக்கக்காரர்களைக் கவிழ்க்கும் இடம். 'ரெசல்யூஷன் டிவிஷன்ஸ்' 64 என்றால், கனசதுர டொமைனில் 64 x 64 x 64, அதாவது 2,62,144 கட்டங்கள். அதை 128 ஆக்கினால் இரண்டு மடங்கு என்று தோன்றும். ஆனால் 20,97,152 கட்டங்கள், எட்டு மடங்கு. 256 என்றால் ஒன்றரைக் கோடிக்கும் மேல். நினைவகமும் நேரமும் அதே போக்கில் ஏறும். அதனால் அசைவைத் தீர்மானிக்கும்வரை 64ஐத் தாண்டாதீர்கள். டொமைனையும் தேவைக்குமேல் பெரிதாக வைக்காதீர்கள். காலியான கட்டத்துக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. 'அடாப்டிவ் டொமைன்' என்ற டிக்கைப் போட்டால் புகை இருக்கும் பகுதியை ஒட்டியே பெட்டி விரிந்து சுருங்கும்.

மென்பொருள் பற்றி

பிளெண்டர் இலவசம் என்பது மட்டும் அதை எடுத்துக்கொள்ளக் காரணமில்லை. நெதர்லாந்தில் டோன் ரோசெண்டால் 1994இல் ஒரு ஸ்டுடியோவின் சொந்தத் தேவைக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. 2002இல் பயனர்கள் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து அதைத் திறந்த மூலமாக்கினார்கள். 2020 பிப்ரவரியில் வந்த 2.82 பதிப்பு முதல் அதன் புகைக் கணக்கை மேன்டாஃப்ளோ என்ற எஞ்சின் செய்கிறது. ஹூடினி போன்ற தொழில்முறை மென்பொருளில் இன்னும் நுணுக்கமான கட்டுப்பாடு கிடைக்கும். ஆனால் டொமைன், அடர்த்தி, வெப்பம், வேகம் என்ற எண்ணம் அங்கேயும் இதேதான். இங்கே கற்றது அங்கே வீணாகாது.

ஒரு வரைபடம், இரண்டு வேலை

சரி, சூரனிடம் போவோம். உடல் எங்கே எப்போது அழிகிறது என்று சொல்லும் வரைபடம் நமக்குத் தேவை. பிளெண்டரில் இதற்கு எளிய வழி 'டைனமிக் பெயின்ட்'. ஒரு பொருள் இன்னொரு பொருளைத் தொடும்போது அதன்மேல் தடம் விடும் வசதி அது. சேற்றில் கால்தடம், கண்ணாடியில் மழைத்துளி எல்லாம் இதைக் கொண்டு செய்கிறார்கள். நாம் அந்தத் தடத்தை நிறமாக இல்லாமல் எண்ணாகப் பதிவு செய்யப்போகிறோம்.

சூரனைத் தேர்ந்தெடுத்து, ஃபிசிக்ஸ் பகுதியில் டைனமிக் பெயின்ட் கொடுத்து, அவனைக் 'கேன்வாஸ்' ஆக்குங்கள். ஒரு கோளத்தைச் சேர்த்து அதை 'பிரஷ்' ஆக்குங்கள். கேன்வாஸின் சர்ஃபேஸ் வகை 'வெய்ட்' என்று இருக்கட்டும். 'அவுட்புட்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தினால், அந்த எண்களைச் சேமிக்க ஒரு வெர்டெக்ஸ் குரூப் (முனைப்புள்ளிகளின் தொகுப்பு) உருவாகும். அதை 'அழிந்தது' என்று பெயரிட்டுக்கொள்வோம். கோளத்தை வலது கை நுனியிலிருந்து உடல் முழுவதும் கடந்து போகும்படி கீஃப்ரேம் வையுங்கள். பிரஷ் 'சோர்ஸ்' என்ற இடத்தில் 'மெஷ் வால்யூம்' போதும். கோளம் விழுங்கும் இடமெல்லாம் 0 ஆக இருந்த எண் 1 ஆகும். உடலின் மெஷ், அதாவது முனைப்புள்ளிகளால் ஆன அதன் வலை, நெருக்கமாக இருக்க வேண்டும். எண்கள் முனைப்புள்ளிகளில்தான் பதிகின்றன; புள்ளிகள் தூரமாக இருந்தால் அழிவின் ஓரம் பல்பல்லாகத் தெரியும்.

கோளம் வழவழப்பாக இருந்தால் அழிவின் கோடும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். அதனால் கோளத்தின்மேல் ஒரு 'டிஸ்ப்ளேஸ்' மாடிஃபையரும் (மூல வடிவத்தைத் தொடாமல் மேலே மாற்றம் செய்யும் அமைப்பு), அதற்குள் 'கிளவுட்ஸ்' டெக்ஸ்சரும் கொடுத்து அதை முண்டும் முடிச்சுமாக்குங்கள். இந்தச் சின்ன வேலை கொடுக்கும் பலன் பெரிது. உடல் ஒழுங்கற்றுப் பிய்ந்து கரைவதுபோல் தெரியத் தொடங்கும்.

இப்போது உடலுக்கு 'மாஸ்க்' மாடிஃபையர் கொடுத்து 'அழிந்தது' குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க் இயல்பாகக் குரூப்பில் இருப்பதைக் காட்டும், மற்றதை மறைக்கும். நமக்கு எதிர்மாறாக வேண்டும். 'இன்வர்ட்' அம்பை அழுத்துங்கள். 'ஸ்மூத்' டிக்கும் போட்டால் ஓரம் இன்னும் சீராகும். ஓட்டிப் பார்த்தால் கோளம் போகிற வழியில் சூரன் காணாமல் போவான். கோளத்தை ரெண்டரில், அதாவது இறுதிப் படமாக எடுக்கும்போது, தெரியாமல் செய்துவிடுங்கள்.

அடுத்தது புகை. இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'அழிந்தது' குரூப்பை அப்படியே புகைக்குக் கொடுத்தால், ஏற்கெனவே அழிந்து காலியான இடத்திலிருந்தும் புகை கிளம்பிக்கொண்டே இருக்கும். கை போன பிறகும் கை இருந்த வெற்றிடம் புகைந்துகொண்டிருந்தால் விதி உடைந்துவிடுகிறது. அழிகிற ஓரம் மட்டும்தான் புகைய வேண்டும். ஆகவே அதே கேன்வாஸில் இரண்டாவது சர்ஃபேஸ் ஒன்றைச் சேருங்கள். அதுவும் வெய்ட் வகைதான். ஆனால் இதில் 'டிஸ்ஸால்வ்' டிக்கைப் போட்டு 10 ஃப்ரேம் போலக் கொடுங்கள். இந்த சர்ஃபேஸில் கோளம் தொட்ட இடம் 1 ஆகி, கோளம் போனதும் மெல்ல 0 ஆகிவிடும். இதன் வெர்டெக்ஸ் குரூப்புக்கு 'அழிகிறது' என்று பெயர். ஒரே கோளம், ஒரே நகர்வு; ஒரு குரூப் உடலை மறைக்கிறது, இன்னொரு குரூப் புகையைப் பிறப்பிக்கிறது. கோளத்தின் வேகத்தை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஒத்துப்போக வைக்கும் தொல்லை இனி கிடையாது.

புகைக்கு 'குவிக் ஸ்மோக்' கட்டளையைப் பயன்படுத்தலாம். சூரனைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் குவிக் எஃபெக்ட்ஸ், அதற்குள் குவிக் ஸ்மோக். டொமைனையும், புகை ஒளியில் எப்படித் தெரியும் என்று சொல்லும் ஷேடரையும் அதுவே அமைத்துத் தரும். சூரன் 'ஃப்ளோ', அதாவது புகை பிறக்கும் பொருள், ஆகிவிடுவான். அவனுடைய ஃப்ளோ அமைப்பில் வெர்டெக்ஸ் குரூப் என்ற இடத்தில் 'அழிகிறது' என்பதைக் கொடுங்கள். 'ஃப்ளோ பிஹேவியர்' இன்ஃப்ளோ என்று இருக்கட்டும். அப்போதுதான் புகை ஒரு முறை மட்டும் வராமல் தொடர்ந்து வரும்.

பலர் மணிக்கணக்கில் திண்டாடும் ஓர் இடம் இங்கே உண்டு: மாடிஃபையர்களின் வரிசை. மேலிருந்து கீழாக ஆர்மெச்சர் (உடலை அசைக்கும் எலும்புக்கூடு), டைனமிக் பெயின்ட், ஃப்ளூயிட், கடைசியாக மாஸ்க் என்று இருக்க வேண்டும். மாஸ்க் ஃப்ளூயிடுக்கு மேலே இருந்தால், புகையைக் கணக்கிடும் நேரத்தில் அழிகிற பகுதி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும், புகை பிறக்க இடமே இருக்காது. குவிக் ஸ்மோக் புதிதாகச் சேர்க்கும் ஃப்ளூயிட் மாடிஃபையர் அடியில் போய் உட்காரும். அதைப் பிடித்து மாஸ்க்குக்கு மேலே இழுத்து வையுங்கள். அப்புறம், டைனமிக் பெயின்ட்டின் இரண்டு சர்ஃபேஸ்களையும் முதலில் 'பேக்' செய்துவிட்டுத்தான், அதாவது கணக்கிட்டுச் சேமித்துவிட்டுத்தான், புகையை பேக் செய்ய வேண்டும். வரைபடம் தயாராகாமல் புகை எதைப் பின்பற்றும்?

எண்களுக்குக் குணம் உண்டு

புகையின் குணத்தைத் தீர்மானிப்பவை டொமைனில் இருக்கும் நான்கைந்து எண்கள். மற்றதை முதல் முறை தொடாமல் விட்டுவிடலாம்.

'ஹீட்' என்பது சூட்டால் ஏறும் வேகம். கரும்பு வயலில் பார்த்தோமே, அது. இயல்பாக 1 இருக்கும். சூரன் எரியவில்லை, கரைகிறான். அதனால் 0.3 போலக் குறைத்துத் தொடங்குங்கள். அதிகமாக இருந்தால் புகை பிறந்தவுடன் மேலே ஓடிவிடும். மரத்துக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. 'வோர்ட்டிசிட்டி' இயல்பாக 0. கொஞ்சம் கொஞ்சமாக 0.1, 0.2 என்று கூட்டிப் பாருங்கள். நிறையக் கூட்டினால் புகை கொதிப்பதுபோல் நடுங்கும்.

'டைம் ஸ்கேல்' என்பதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பெரிய உருவத்தின் புகை மெதுவாக அசைவதாகத் தெரியும், சிறிய பொருளின் புகை சட்டென்று அசையும். தூரத்து வயலின் புகை மிதப்பதுபோல் இருப்பதற்கும், அணைந்த தீக்குச்சியின் புகை துள்ளுவதற்கும் இதுதான் வித்தியாசம். சூரன் மலைபோல் நிற்பவன். டைம் ஸ்கேலை 0.5 பக்கம் கொண்டுபோனால் அவன் தானாகவே பெரியவனாகத் தெரிவான். மாடலை எவ்வளவு பெரிதாக வடிவமைத்தாலும் புகை வேகமாக ஓடினால் அவன் பொம்மையளவுதான்.

சூரன் கை வீசிக்கொண்டே கரைகிறான் என்றால், ஃப்ளோவில் 'இனிஷியல் வெலாசிட்டி' டிக்கைப் போடுங்கள். கையின் வேகம் புகைக்கும் வந்துசேரும். கை வேகமாகப் போனால் புகை புள்ளி புள்ளியாக விட்டுவிட்டு வரும். 'சேம்ப்ளிங் சப்ஸ்டெப்ஸ்' எண்ணைக் கூட்டினால் அந்த இடைவெளி நிரம்பும்.

புகை மரமாவது

புகையை மரம் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக ஒரு 'விண்ட்' ஃபோர்ஸ் ஃபீல்டும், ஒழுங்கைக் கலைக்க லேசான 'டர்பியூலன்ஸ்' ஒன்றும் போதும். ஆனால் புகை மர உருவமாகத் திரள வேண்டுமே? இழுக்கும் விசை ஒன்றை மரத்தில் வைக்கலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். 'ஃபோர்ஸ்' ஃபீல்டின் வலிமைக்கு மைனஸ் எண் கொடுத்தால் அது இழுக்கும்தான். ஆனால் அது ஒரு புள்ளியை நோக்கி இழுக்கிறது. புகை பந்துபோல் குவியும், கிளைகளாகப் பிரியாது.

இதற்குப் பழைய, நம்பகமான வழி ஒன்று இருக்கிறது: காலத்தைத் திருப்பிப் போடுவது. மரத்தைத் தனிக் கோப்பில் வையுங்கள். சூரனுக்குச் செய்த அதே வேலையை மரத்துக்கும் செய்து, மரம் புகையாகக் கரைவதை உருவாக்குங்கள். கேமராவும் விளக்குகளும் முதல் கோப்பில் இருந்த அதே இடத்தில் இருக்க வேண்டும். அதை ரெண்டர் செய்து, வீடியோ எடிட்டரில் 'ரிவர்ஸ் ஃப்ரேம்ஸ்' கொடுத்தால், மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் புகை இறங்கி வந்து, தொட்ட இடமெல்லாம் இலையும் கிளையுமாக மரம் முளைக்கும். புகை தானாகத் திரள்வதை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பதால் கண் அதை மறுப்பதில்லை.

திருப்பிப் போடும்போது மூன்றை யோசித்துக்கொள்ளுங்கள். முதலாவது, காற்றின் திசை. முடிவில் புகை இடமிருந்து வலமாக வர வேண்டும் என்றால், இந்தக் கோப்பில் காற்று வலமிருந்து இடமாக வீச வேண்டும். இரண்டாவது, டொமைனில் உள்ள 'டிஸ்ஸால்வ்'. சூரனின் புகையில் அது இருக்கலாம். மரத்தின் புகையில் அதை எடுத்துவிடுங்கள். அங்கே காற்றில் கரைந்து மறைந்த புகை, திருப்பிப் போடும்போது வெற்றிடத்தில் திடீரென்று தோன்றும். மூன்றாவது, கடல். அலைகளும் சேர்ந்து பின்னோக்கி ஓடக்கூடாது. மரத்தையும் புகையையும் மட்டும் 'ஃபில்ம்' பகுதியில் 'டிரான்ஸ்பரன்ட்' போட்டு ரெண்டர் செய்து, கடலைத் தனி அடுக்காக அடியில் வையுங்கள்.

இரண்டு துண்டுகளையும் ஒட்டும் இடம் புகை மிக அடர்ந்திருக்கும் நேரமாக இருக்க வேண்டும். சூரனின் மேகமும் மரத்தின் மேகமும் திரையில் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஃப்ரேமைத் தேடி, ஒரு பத்துப் பன்னிரண்டு ஃப்ரேமுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மங்கல் மாற்றம் கொடுங்கள். தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சி வழக்கப்படி விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால், அரை விநாடிக்கும் குறைவு. பிளெண்டரின் இயல்பு 24. தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் எல்லா நேரக் கணக்கும் நகர்ந்துவிடும்.

பேக் செய்யும்போது மின்சாரம் போனால்

இந்த ஊரில் கணினியை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023இல் அது உச்சத்தில் இருந்தது. நாளுக்கு நாலைந்து முறை கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்த வீடுகள் உண்டு. நீண்ட புகைக் கணக்கு பாதியில் நின்றால் மனசு விட்டுப்போகும். அதனால் கணக்கிட்டதைச் சேமித்து வைக்கும் கேஷ் அமைப்பை முதலிலேயே சரியாக வைப்பது நல்லது.

டொமைனில் கேஷ் வகை 'ரீப்ளே' என்று இருக்கும். அதை 'மாடுலர்' ஆக்கி, 'இஸ் ரிஸ்யூமபிள்' டிக்கைப் போடுங்கள். கேஷ் போகும் ஃபோல்டரை நீங்களே தேர்ந்தெடுத்து, கோப்பைச் சேமித்துவிட்டு பேக்கைத் தொடங்குங்கள். மின்வெட்டு அட்டவணைப்படி நேரம் நெருங்கினால் எஸ்கேப் பொத்தானை அழுத்தி நிறுத்தி, கோப்பைச் சேமித்துக்கொள்ளலாம். மின்சாரம் வந்ததும் 'ரிஸ்யூம்' கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த டிக் இல்லாவிட்டால் மாடுலர் முறையில் 'நாய்ஸ்' பகுதியை பேக் செய்யவும் முடியாது. வட்டில் கூடுதல் இடம் பிடிக்கும் என்பது உண்மை, கொடுக்கலாம்.

நாய்ஸ் என்றேன். அடிப்படை அசைவைக் குறைந்த ரெசல்யூஷனில் கணக்கிட்டு, அதன்மேல் நுண்சுருள்களை மட்டும் பின்னால் சேர்ப்பது அது. அடிப்படையை 96இல் பேக் செய்து, நாய்ஸில் 'அப்ரெஸ் ஃபேக்டர்' 2 கொடுத்தால் சாதாரணக் கணினியிலும் கௌரவமான புகை கிடைக்கும். நாய்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் அழித்து மறுபடி செய்யலாம், அசைவு மாறாது.

புகைக் கோப்புகள் ஓபன்விடிபி என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனம் உருவாக்கி 2012இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட வடிவம் அது. காலியான கட்டங்களுக்கு இடம் வீணாக்காமல் சேமிப்பதுதான் அதன் பலம். இன்று எல்லாப் பெரிய மென்பொருள்களும் அதைப் படிக்கும், ஆகவே உங்கள் புகையை வேறிடத்துக்கும் எடுத்துப்போகலாம்.

இறுதி ரெண்டரையும் நேராக வீடியோவாக எடுக்காதீர்கள். பிஎன்ஜி படங்களாக, ஃப்ரேம் ஃப்ரேமாக எடுங்கள். நடுவில் எது நின்றாலும் முடிந்த படங்கள் அப்படியே இருக்கும்.

வெளிச்சம், நிறம், கடைசியில் மயிலும் சேவலும்

புகையின் ஷேடர் 'பிரின்சிபிள்ட் வால்யூம்'. அதில் 'டென்சிட்டி' எண்ணைக் கூட்டினால் புகை தடிக்கும். 'அனிசோட்ரபி' என்பது ஒளி எந்தப் பக்கம் சிதறுகிறது என்பது, 0.3, 0.4 என்று கொடுத்து, விளக்கைப் புகைக்குப் பின்னால் சற்று மேலே வையுங்கள். கரும்புப் புகையின் ஒளிரும் ஓரம் வந்துவிடும். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் வெள்ளைப் புகை ஏன் அழுக்காகத் தெரிகிறது என்று கேட்பவர்கள் 'லைட் பாத்ஸ்' பகுதியில் 'வால்யூம்' எண்ணைப் பாருங்கள். இயல்பாக அது 0, அதாவது ஒளி புகைக்குள் ஒரு முறைதான் சிதறுகிறது. 2 அல்லது 4 ஆக்கினால் உள்ளே வெளிச்சம் பரவும், ரெண்டர் நேரமும் கூடும்.

கோயில் மண்டபத்தில் புரொஜெக்டரில் காட்டப்போகிறீர்கள் என்றால் கரும்புகையை மறந்துவிடுங்கள். மண்டபம் முழு இருட்டாக இருக்காது. புரொஜெக்டர் கறுப்பைக் காட்டாது, வெளிச்சத்தைத்தான் காட்டும். பின்னணியை ஆழ்ந்த நீலமாகவும், புகையை அதைவிட நன்கு வெளிறியதாகவும் வைத்தால் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் சுருள் தெரியும்.

மரம் பிளந்து மயிலும் சேவலும் வருவது இதே முறையின் அடுத்த படிதான். மரத்தின் மெஷ்ஷை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனிக் கேன்வாஸாக, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரைய வேண்டும். மயிலையும் சேவலையும் மரத்தைச் செய்ததுபோலவே கரைத்துத் திருப்பிப் போட வேண்டும். ஃப்ளோவில் 'ஸ்மோக் கலர்' என்ற இடத்தில் ஒரு பாதிக்கு நீலப்பச்சை, மறு பாதிக்குச் சிவப்பு கொடுத்து, ஷேடரில் 'கலர் ஆட்ரிபியூட்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் கலர் என்று சிறிய எழுத்தில் தட்டினால் நிறம் வரும். இரண்டும் ஒரே டொமைனில் இருந்தால் புகைகள் சேரும் இடத்தில் நிறமும் கலந்து சேறாகும். இரண்டு நிறமும் தனித்து நிற்க வேண்டும் என்றால் இரண்டு டொமைன் போட்டு, தனித்தனியாக பேக் செய்து, ரெண்டரில் ஒன்றாகச் சேருங்கள்.